ஷெட்டுக்குப் போகாத எஞ்சின்

தெருவில் அவருக்குக் கைகாட்டி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பென்ஷன் ஆபீசில் மட்டும் செல்லும். வேலையில் இருந்த காலம் முழுக்க ஆலைத் தெருவில் ஷண்டராக இருந்தவர். வேகன்களை எஞ்சினோடு கோக்க வேண்டும், கழற்ற வேண்டும், எந்த வேகன் எந்த ஆலை வாசலில் நிற்க வேண்டுமோ அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதற்குத் தரையில் நின்றபடி டிரைவருக்குக் கையாலேயே வழி சொல்ல ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆள். ஆலைச் சத்தத்தில் வாய்க்கு வேலை கிடையாது. அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால் உப்புக் கிண்ணத்தைப் பார்த்துக் கையை வளைத்து 'வா' என்பார்.

"அது நடந்து வராதுங்க. எந்திரிச்சுப் போய் எடுங்க" என்பாள் மனைவி.

அந்தத் தெருவில் எஞ்சின் ஓட்டியவர் அவருடைய தங்கையின் கணவர். டிரைவர் என்று பேரே தவிர, வாழ்நாளில் அவர் ஊர் எல்லையைத் தாண்டி வண்டி ஓட்டியதில்லை. மாவு ஆலையில் தொடங்கி ஐஸ் ஃபாக்டரி, சோப்பு ஃபாக்டரி, இரும்பு வார்ப்பட ஆலை என்று போய், கடைசியில் ஷெட்டில் முடியும் தண்டவாளம். அதிலேயே முன்னும் பின்னும் போய் வருவார். மெயில் வண்டி ஓட்டுகிறவர்கள் கேலி செய்வார்கள், குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுகிறார் என்று. அவர் கோபப்பட மாட்டார். "வேகமா ஓட்ட யாராலதான் முடியாது? நடுவுல ஒரு முட்டையை வச்சுட்டு, அது உடையாம வேகனைத் தொடச் சொல்லு பார்ப்போம்" என்பார்.

அந்தக் காலத்தைப் பற்றி உருகுகிறவர்களை ஒரே ஒரு நாள் அந்தத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தியிருக்க வேண்டும். துணி காயப்போட்டால் கறுப்பாகத் திரும்பி வரும். சோப்புக்குக் காய்ச்சும் கொழுப்பின் நாற்றம் சோற்றில் இறங்கும். வேகன்களுக்கு நடுவில் விரலைப் பறிகொடுத்தவர்கள் இரண்டு மூன்று பேர் தெருவில் எப்போதும் இருப்பார்கள். கைகாட்டிக்கும் அது தெரியும். அவருக்குப் பிடித்திருந்தது தெரு அல்ல, வேலைதான். ஐஸ் வேகன் முதலில் போயாக வேண்டும், இல்லாவிட்டால் உருகிவிடும். ஆனால் அது எப்போதும் நிலக்கரி வேகனுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வரும். நிலக்கரியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைக்கலாமென்றால் மாவு ஆலைக்காரன் வாசலில் கரித்தூள் விழக்கூடாது என்பான். எதை எங்கே தள்ளி, எதை இழுத்து, எதை விட்டுவிட்டுத் திரும்பி வருவது என்ற அந்தக் கணக்கை மச்சானும் மாப்பிள்ளையும் ஒரு வார்த்தை பேசாமல், ஒருவர் கையை ஒருவர் பார்த்தே முடிப்பார்கள்.

லாரிகள் வந்ததும் எல்லாம் போயிற்று. போனதிலும் ஒரு மரியாதை இல்லை. வேலை பாதியில் இருக்கும்போது ஒரு அதிகாரி வந்து, "நெருப்பை அணைச்சுட்டு இறங்குங்க. நாளையிலேர்ந்து ரயில் கிடையாது" என்றார். எஞ்சின் சோப்பு ஃபாக்டரி வாசலில் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு யாரோ வந்து வெட்டி எடுத்துப் போனார்கள். டிரைவர் அதை மறக்கவேயில்லை. விருந்தில் இருப்பார், வேறேதோ பேச்சு நடந்துகொண்டிருக்கும், சட்டென்று திரும்பி, "நான் இன்னும் வண்டியை ஷெட்டுல விடல மச்சான்" என்பார்.

மகன் வேலை தேடி வேறு ஊருக்குப் போனதும் பின்னறை காலியானது. கைகாட்டி அதில் ஆலைத் தெருவைச் செய்ய ஆரம்பித்தார். மூன்று சுவர் ஓரமாகவும் இடுப்பு உயரத்துக்குப் பலகை அடித்தார். அட்டையில் சுவர், தீக்குச்சியில் கதவு, அடுப்புச் சாம்பலைச் சலித்துப் பசையில் தூவித் தரை. தகரக் கூரைக்குத்தான் ரொம்ப நாள் முழித்தார். கடைசியில் தன் ரத்த அழுத்த மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளைச் சீப்பின் பல்மேல் வைத்து நகத்தால் அழுத்தினார். நெளிநெளியாகத் தகரம் வந்துவிட்டது. அதன் பிறகு அக்கம்பக்கத்தில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் அவருக்குள்ளே ஒரு சின்ன மகிழ்ச்சி. பழைய பொம்மைக் கடையில் ஒரு சிறு எஞ்சின் கிடைத்தது. அதை அறுத்து, ராவி, பேனா மூடியில் புகைபோக்கி வைத்து, பின்பக்கம் கால் வைத்து நிற்கும் படியைக் கம்பியில் வளைத்துப் பற்றவைத்து, பழைய எஞ்சினாகவே ஆக்கிவிட்டார்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் டிரைவர் வந்துவிடுவார். அவர் வீடு பின் சந்துக்கு எதிர்ப்புறம்தான், இந்த ஜன்னலும் அந்த ஜன்னலும் நேருக்கு நேர். டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்து மின்சாரப் பெட்டியின் குமிழைப் பிடித்துக்கொள்வார். கைகாட்டி பலகை ஓரமாக நின்று கையை அசைப்பார். வளைத்தால் வா. தள்ளினால் போ. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினால் நில். மாலை வரை ஒரு பேச்சு இருக்காது.

"அண்ணே, வண்டிக்குத் தீனி ஏதாச்சும் போடணுமா?" என்று மனைவி வாசலில் நின்று கேட்பாள். டிரைவர் மட்டும் சிரிப்பார்.

ஒரு நாள் குளியலறையில் டிரைவர் சரிந்து விழுந்தார். உயிர் தப்பியது, அவ்வளவுதான். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போயிற்று. மிஞ்சியது திறந்த கண்ணும் இடது கையும். "இன்னும் கொஞ்ச நாள்தான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாத்துக்குங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கைகாட்டி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பின்னறைக் கதவை இழுத்துச் சாத்தினார்.

கொஞ்ச நாள் கழித்து, தூசியாவது தட்டலாம் என்று கதவைத் திறந்தவருக்கு ஈரக் கரிப்புகை வாசம் அடித்தது. பக்கத்தில் யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். துணியை எடுத்துப் பலகையைத் துடைத்துக்கொண்டே வந்தவர், எஞ்சின் வழியில் நிற்பதைப் பார்த்து, பழக்க தோஷத்தில் கையை வளைத்து 'வா' என்றார்.

எஞ்சின் வந்தது.

மெதுவாக வந்து, கை நின்றதும் நின்றது. குமிழைத் திருகியபடியே விட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று பெட்டியைப் பார்த்தார். குமிழ் பூஜ்யத்தில் இருந்தது. சுவரைப் பார்த்தார். பிளக் செருகியிருக்கவில்லை, வயர் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தது. அவரே மாட்டியதுதான். கையை மறுபடி தூக்கி 'போ' என்று தள்ளிக் காட்டினார். எஞ்சின் பின்னால் போய் மாவு ஆலை வேகனைத் தொட்டது. தொட்டதும் 'டக்' என்ற சத்தம்கூட இல்லை. முட்டை வைத்திருந்தாலும் உடைந்திருக்காது. அப்படித் தொடுகிற ஆள் உலகத்தில் ஒருவர்தான்.

தொட்டுப் பார்த்தார். எஞ்சின் சுட்டது. விரலில் கரி ஒட்டியிருந்தது.

செருப்புகூடப் போடாமல் சந்தைத் தாண்டித் தங்கை வீட்டுக்கு ஓடினார். தங்கை கட்டில் பக்கத்தில் முகம் வெளிறி நின்றிருந்தாள்.

"அண்ணா, இப்பதான் கூப்பிடலாம்னு இருந்தேன். அவர் கையைப் பாரு. கட்டில் கம்பியைப் பிடிச்சு இழுக்கிறார், தள்றார். யாரோ சொல்லிக் கொடுக்கிற மாதிரி."

கைகாட்டி அந்தக் கையைப் பார்த்தார். அது கட்டில் கம்பியைப் பிடித்திருந்த பிடி அவருக்குத் தெரியும். எஞ்சினில் நீராவியைத் திறந்துவிடும் நெம்புகோலை அப்படித்தான் பிடிப்பார், கட்டைவிரல் மேலே இருக்கும்படி. தங்கையிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் நம்பவில்லை. ஜன்னல் பக்கம் நின்று பார்க்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கையை வளைத்தார். எஞ்சின் நகர்ந்த அதே நொடி சந்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து தங்கையின் குரல் வந்தது.

"இழுக்கிறார் அண்ணா!"

இரண்டு கையையும் உயர்த்தினார். எஞ்சின் நின்றது.

"நிறுத்திட்டார்!"

கைகாட்டி தரையில் உட்கார்ந்து அழுதார். பயம் பாதி, சந்தோஷம் பாதி. சந்தோஷம்தான் கொஞ்சம் கூடுதல் என்று சொல்ல வேண்டும். போய்விடுவான் என்று நினைத்த மாப்பிள்ளை போகவில்லை. வேலைக்கு வந்துவிட்டான்.

அதன் பிறகு தினமும் வேலை நடந்தது. மதியம் கைகாட்டி பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். மனைவியிடமும் சொல்லிவிட்டார். அவள் ஒரே ஒரு முறை உள்ளே வந்து நின்று பார்த்தாள். ஐஸ் ஃபாக்டரியின் அட்டைச் சுவர் வேர்த்திருந்தது. ஐஸ் வேகனின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சாம்பல் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அவள் வெளியே போய்க் கை கழுவினாள். பிறகு கேலி செய்வதை நிறுத்திவிட்டாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டார். இவ்வளவு நாள் தாங்குவார் என்று நான் நினைக்கவேயில்லை என்றார். கைகாட்டிக்குக் காரணம் தெரியும். மாப்பிள்ளை வேலையைப் பாதியில் விடுகிற ஜாதி இல்லை. வேலை முடிந்தால்தானே ஷெட்? முடியாவிட்டால்?

அந்த எண்ணம் வந்த நாளிலிருந்து மனிதருக்குப் பேராசை பிடித்துக்கொண்டது. வார்ப்பட ஆலைக்குப் பின்னால் புதிதாக ஒரு தண்டவாளம் போட்டார். ஆலைத் தெருவில் இல்லவே இல்லாத காகிதக் கிடங்கு ஒன்றைக் கட்டினார். வேகன்களைத் தினமும் காலையில் தானே கலைத்து வைப்பார். ஐஸ் கடைசியில், நிலக்கரி நடுவில், சோப்பு தலைமாட்டில். ஒரு ஷண்டர் தன் வாழ்நாளில் செய்யக்கூடாத காரியம் அது. வேண்டுமென்றே வேகனைத் தப்பான இடத்தில் நிறுத்துவது. மதியம் முழுக்கத் தள்ளி இழுத்தாலும் மாலையில் இரண்டு வேகன் பாக்கி இருக்கும். "மீதி நாளைக்கு மாப்பிள்ளை" என்று மனதுக்குள் சொல்லிவிட்டு வெளியே வருவார். ராத்திரி நிம்மதியாகத் தூங்குவார்.

தூங்காதவள் தங்கை. ஒரு நாள் காலையில் சந்தைத் தாண்டி வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். அண்ணி கொடுத்த டீயைத் தொடவில்லை.

"அண்ணா, விட்டுடு."

"எதை?"

"எதைன்னு உனக்குத் தெரியும். நீ வேலை கொடுத்துக்கிட்டே இருக்க. அவர் செஞ்சுக்கிட்டே இருக்கார். உள்ளங்கையில தோலே இல்ல. துணி சுத்தி விடுறேன், துணியும் கிழியுது. முதுகெல்லாம் புண்ணு. திருப்பிப் போட்டா கண்ணுல தண்ணி வழியுது, சத்தம் வரல."

"அவன் இருக்கானே, அதைப் பாரு."

"இருக்கிறதா அது?" தங்கை அண்ணனை அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. "உனக்கு ஒரு துணை வேணும், அதுக்காக என் புருஷனைச் செக்குல கட்டி வச்சிருக்க."

கைகாட்டிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உனக்குப் பாத்துக்க முடியலன்னா சொல்லு, நான் தூக்கிட்டு வந்து பாத்துக்கறேன்" என்று கத்தினார். சொன்ன பிறகுதான் எவ்வளவு அசிங்கமான பேச்சு என்று தெரிந்தது. தங்கை எழுந்து போய்விட்டாள். அவர் பின்னாலேயே போனார். வேறு வழியில்லை, பார்த்தே ஆக வேண்டும்.

அந்தக் கையைத் தங்கை அவிழ்த்துக் காட்டினாள். அவர் ரொம்ப நேரம் பார்க்கவில்லை. கண்ணைத்தான் பார்த்தார். எஞ்சின் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, 'அடுத்தது என்ன மச்சான்?' என்று காத்திருக்கிற அதே கண். வலிக்கிறது என்று அது சொல்லவில்லை. சொன்னால் அதையாவது தாங்கியிருக்கலாம்.

அன்று மதியம் கைகாட்டி வேகன்களைக் கலைக்கவில்லை. காகிதக் கிடங்கைப் பிடுங்கிக் கீழே வைத்தார். ஐஸை முதலில் அனுப்பினார். மாவு ஆலை வாசலில் கரி படாமல் நிலக்கரியைச் சுற்றிக்கொண்டு போனார். ரயில் நின்ற அன்றைக்குச் சோப்பு ஃபாக்டரியில் பாதியில் விட்ட வேகன்களையும் எடுத்து வைத்தார். ஒவ்வொரு வேகனும் அதன் வாசலில் போய் நின்றது. கையில் இவ்வளவு நளினம் இந்த வயதில் இருக்கிறதா என்று அவருக்கே தோன்றியது. எஞ்சின் மட்டும் தனியாக நின்றது. அவர் உள்ளங்கையைத் தலைக்கு மேல் கூரை மாதிரி கவிழ்த்துக் காட்டினார். 'முடிந்தது, ஷெட்டுக்குப் போ.'

எஞ்சின் நகரவில்லை.

மறுபடி காட்டினார். நகரவில்லை. ஜன்னலுக்குப் போய், "என்ன பண்றான்?" என்று கேட்டார்.

"கம்பியைப் பிடிச்சிருக்கார் அண்ணா. இழுக்கல. காத்துக்கிட்டிருக்கார்."

திரும்பி வந்து எஞ்சினைப் பார்த்தவருக்கு அப்போதுதான் விளங்கியது. ஆலைத் தெருவின் ஒரு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஷெட்டுக்குப் போகும்போது ஷண்டர் நடந்து போக மாட்டார். எஞ்சினின் பின்படியில் ஏறி நிற்பார். டிரைவர் உட்கார்ந்த இடத்திலிருந்து அந்தப் படி தெரியாது. ஆகவே ஏறியதும் எஞ்சினின் பக்கத் தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். 'ஏறிவிட்டேன், போ' என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்காமல் எந்த டிரைவரும் எடுக்க மாட்டான். கேட்டுவிட்டால் திரும்பிப் பார்க்கவும் மாட்டான். அந்தத் தட்டை மட்டும் யாரும் விளையாட்டுக்குக்கூடப் பொய்யாகத் தட்டியதில்லை. தட்டிவிட்டுத் தரையில் நிற்பவன் சக்கரத்துக்கு அடியில் சிக்கிவிடலாம்.

மாப்பிள்ளை அவருக்காகக் காத்திருந்தார். மச்சான் ஏறட்டும், சேர்ந்து போகலாம் என்று.

ஏறுவது என்றால் என்ன என்று யாரும் கைகாட்டிக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. போகலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது அவனைத் தனியாக ஷெட்டுக்கு அனுப்பியதுண்டா? சமையலறையில் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே எதையோ முணுமுணுப்பது கேட்டது. குழாய்க்காரன் வரவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் திட்டை இன்னும் கேட்க வேண்டும் போல அவருக்கு இருந்தது. சாக மனசு வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வரவில்லை.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். பொய் சொன்ன கைக்கு என்ன கிடைக்கும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. கைகாட்டி ஆட்காட்டி விரலை நீட்டினார். தரையில் இரண்டு காலையும் ஊன்றி நின்றபடியே, எஞ்சினின் சின்னப் பக்கத் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

எஞ்சின் உடனே கிளம்பியது. சந்தேகமே இல்லாமல், வளைவில் வேகம் குறைத்து, வார்ப்பட ஆலையைத் தாண்டி, ஷெட்டின் இருட்டுக்குள் போய் நின்றது.

சந்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து தங்கையின் அழுகை எழுந்தது.

சடங்கெல்லாம் முடித்து மயானத்துக்கு அனுப்பும் வரை கைகாட்டி மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. துக்கம் தாங்காமல்தான் தலையைத் திருப்பிக்கொள்கிறார் என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் வேறு ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தார். ஷெட்டில் வண்டியை நிறுத்தியதும் டிரைவர் இறங்கிப் பின்பக்கம் வருவான். பீடி கேட்பான். படியில் ஆள் இல்லை என்று பார்ப்பான். வழியில் விழுந்துவிட்டானோ என்று பதறுவான். அப்புறம் என்ன செய்வான்? எந்த டிரைவரும் செய்வதைத்தான் செய்வான்.

மறுநாள் மதியம் பின்னறையைத் திறந்தார். எஞ்சின் ஷெட்டுக்கு வெளியே நின்றது. வந்த வழியே மெதுவாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது, வழியில் விழுந்து கிடக்கிறவனைத் தேடுகிற மாதிரி ஒவ்வொரு ஆலை வாசலிலும் தயங்கி. சோப்பு ஃபாக்டரியைத் தாண்டியது. கைகாட்டி எங்கே நின்று அந்தத் தட்டைத் தட்டினாரோ அந்த இடத்தை நோக்கி, பின்படி முன்னால் வர, நகர்ந்தது.

அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

எஞ்சின் நின்றது. மாப்பிள்ளை சொன்ன கைக்கு மீறி ஓர் அங்குலம் ஓட்டியவரில்லை. ஆனால் கையை இறக்கினால் நகர்ந்தது. மறுபடி தூக்கினால் நின்றது. தலைக்கு மேலே கை தூக்கி நிற்பது வயதானவருக்கு எவ்வளவு நேரம் முடியும்? தோள் எரிந்தது. விரல்கள் மரத்துப்போயின. கொஞ்சம் கொஞ்சமாகக் கை தாழ்ந்துகொண்டே வந்தது. படி அவர் நெஞ்சுக்கு நேராக வந்துகொண்டே இருந்தது. "இரு மாப்பிள்ளை... இருடா..." என்று வாய்விட்டுச் சொன்னார். அந்த அறையில் மாப்பிள்ளையிடம் அவர் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

சத்தம் கேட்டு மனைவி வந்தாள். கணவர் கையைத் தூக்கிக்கொண்டு நடுங்கி நிற்பதையும், பலகையின் விளிம்புவரை வந்துவிட்ட எஞ்சினையும், ஆள் ஏறுவதற்காகக் காத்திருக்கும் அந்தச் சின்னப் படியையும் பார்த்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். தாழ்ந்துகொண்டிருந்த இரண்டு முழங்கைகளையும் அடியில் தாங்கி மேலே தூக்கிப் பிடித்தாள்.

"அண்ணே" என்றாள் எஞ்சினைப் பார்த்து. "அவர் விழல. இங்கதான் இருக்கார். என்கூட இருக்கார். அவரை அனுப்பும்போது நானே சொல்றேன், நீங்க போங்க."

எஞ்சின் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஷெட்டுக்குத் திரும்பியது. மறுநாளும் வந்தது. மறுநாளும் அவள் வந்து பிடித்துக்கொண்டாள்.